தெய்வங்களின் விருந்தன்று நாய் சொன்னது

மிருகங்கள் எல்லாம் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், டைபர் ஆற்றங்கரையில் ரோமாபுரி அப்போதுதான் ஊராக வளர்ந்துகொண்டிருந்தது. மாடு அதிகம் பேசாது. கோழி ஆரம்பித்தால் நிறுத்தாது. பூனைக்கு மனம் இருந்தால் பதில் சொல்லும், இல்லாவிட்டால் எழுந்து போய்விடும். நாயின் பேச்சுக்குத்தான் ஊரில் மதிப்பு இருந்தது. நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதனால் வீட்டு வாசலை நாயிடம் ஒப்படைத்திருந்தார்கள். யார் வந்தாலும் நாய்தான் எழுந்து நின்று விசாரிக்கும். உள்ளே போய்ச் சொல்லும். வீட்டுக்காரர் சொன்ன பதிலை வாசலில் வந்து சொல்லும். இரண்டு பேருக்குள் தகராறு வந்தால், "நாய் என்ன சொல்கிறது?" என்று கேட்பார்கள். நாய் சொன்ன பிறகு வேறு யாரையும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஊரின் மேட்டுத் தெரு ஒன்றில் நுமீசியா என்ற பெண் இருந்தாள். அவள் கணவன் ஔலஸ் உப்பு வியாபாரி. ஆற்று முகத்துவாரத்தில் உப்பை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, வடக்கே மலைநாட்டுக்குக் கொண்டுபோய் விற்பான். வசந்தத்தில் புறப்பட்டால் கோடை முற்றும்போதுதான் திரும்புவான். அவர்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். வாசலில் கரிய நிறத்தில் ஒரு நாய். நிறத்தைப் பார்த்துக் கார்போ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பேச்சில் அதற்குக் கரி என்று பொருள். ஔலஸ் இல்லாத மாதங்களில் கார்போதான் அந்த வீட்டுக்கு ஆண்துணை என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் ஔலஸ் புறப்பட்டுப் போன பிறகு ஊருக்குள் நோய் வந்தது. முதலில் மாடுகள் விழுந்தன. பிறகு மனிதர்கள். உடம்பு கொதிக்கும், நாக்கு வறண்டு போகும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே கண் மூடிவிடுவார்கள். மேட்டுத் தெருவில் முதலில் படுத்தவன் நுமீசியாவின் மகன்தான்.

தெருவுக்கு ஒரே கிணறு. அது பக்கத்து வீட்டு ஒப்பியாவின் முற்றத்தில் இருந்தது. ஒப்பியா நுமீசியாவைவிட மூத்தவள். அதுவரை இரண்டு வீட்டுக்கும் நல்ல பழக்கம். ஆனால் பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அன்று ஒப்பியா கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். நுமீசியா குடத்தோடு போய் நின்றபோது கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தே சொன்னாள்:

"கோபித்துக்கொள்ளாதே நுமீசியா. எங்கள் வீட்டிலும் உயிர்கள் இருக்கின்றன. நீ ஆற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்."

ஆறு தெருவிலிருந்து தொலைவு. கோடையில் அதன் தண்ணீர் வெதுவெதுப்பாக, கலங்கலாக இருக்கும். அதைத்தான் நுமீசியா இறங்கி ஏறிக் கொண்டுவந்தாள். பையன் ஒரு வாய் குடிப்பான், முகத்தைச் சுளிப்பான், "கிணற்றுத் தண்ணீர் வேண்டும்" என்பான். அவன் இறந்தபோதும் அவள் வீட்டில் இல்லை, குடத்தோடு மேடு ஏறிக்கொண்டிருந்தாள். கார்போதான் தெருமுனைவரை எதிரே வந்து, "அம்மா, இனி அவசரமாக நடக்க வேண்டாம்" என்று சொன்னது.

அதன்பிறகு நுமீசியா ஒப்பியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சில நாள்களில் ஒப்பியா வீட்டிலும் நோய் புகுந்தது. அவள் கணவனைக் கொண்டுபோனார்கள், பிறகு மருமகளையும் கொண்டுபோனார்கள். நுமீசியா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அழுகைக்குக்கூடப் போகவில்லை.

பிறகு மகளுக்கும் காய்ச்சல் வந்தது. தெர்த்தியா என்று பெயர், இன்னும் பால்பற்கள் விழாத குழந்தை.

அந்த நேரத்தில்தான் ஊர்க் குருமார்கள் கூடி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். முரசு அடிப்பவன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான்:

"நம் தெய்வங்கள் வெகுகாலமாகக் கோயில்களில் நின்றுகொண்டே இருக்கிறார்கள். அவர்களை நாம் ஒருநாளும் விருந்தாளியாக அழைத்ததில்லை. கட்டில் போடுங்கள். திண்டு வையுங்கள். நம் வீட்டில் பெரியவர்கள் சாய்ந்து சாப்பிடுவதுபோல அவர்களும் சாய்ந்து சாப்பிடட்டும். சந்தைவெளியில் ஊர் சார்பில் விருந்து நடக்கும். வீட்டில் செய்ய முடிந்தவர்கள் வீட்டிலும் செய்யுங்கள். விருந்து முடியும்வரை யார் வாயிலிருந்தும் கெட்ட சொல் வரக்கூடாது."

நுமீசியா அதைக் கேட்டாள். தெருவில் வேறு யாரும் செய்யாத அளவுக்குச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வீட்டில் இருந்த கட்டில்களில் நல்லது மகன் படுத்திருந்ததுதான். அதைக் கழுவிக் காயவைத்து நடு அறையில் போட்டாள். தன் கல்யாணத்துக்கு நெய்த போர்வையை விரித்தாள். பச்சிலைகளைக் கட்டாகக் கட்டித் தலைபோல் செய்து, துணி சுற்றி, இரண்டு உருவங்கள் செய்தாள். ஒன்று அப்போலோ, நோயை அனுப்புகிறவரும் அவர்தான், திரும்ப அழைத்துக்கொள்கிறவரும் அவர்தான். இன்னொன்று அவருடைய தாய் லத்தோனா. பிள்ளை பெற்றவளுக்குப் பெற்றவளின் நிலைமை தெரியும் என்று நினைத்து அந்தத் தாயைத் தலைமாட்டில், தன் பக்கம் பார்த்தபடி சாய்த்து வைத்தாள்.

பிறகு சமையல். வீட்டில் வளர்ந்த ஒரே பன்றியை அடித்து, தொடைக்கறியைச் சீரகம் தடவிச் சுட்டாள். கோதுமையைக் குத்திக் களி கிண்டினாள். வாற்கோதுமை அடை தட்டினாள். தேன், அத்திப்பழம், ஆலிவ், பாலாடைக்கட்டி, முட்டை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். மூலையில் பாயில் கிடந்த தெர்த்தியா கண்ணைத் திறந்து பார்த்து, "யாருக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டாள்.

"பெரியவர்கள் வருகிறார்கள். உன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள்."

"எனக்குத் தண்ணீர்."

நுமீசியா ஆற்றுத் தண்ணீரைக் கொடுத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. அந்தச் சுளிப்பை நுமீசியா ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. கார்போ எழுந்து போய்ப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது.

"அம்மா, ஒப்பியா அம்மாள் வந்திருக்கிறாள். கையில் ஒரு தோண்டி இருக்கிறது. உங்களைப் பார்க்க வேண்டுமாம்."

நுமீசியா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். வாசலுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிடும். தெய்வங்கள் கட்டிலில் சாய்ந்திருக்கும்போது, பத்தடியில் நின்றுகொண்டு, அவள் ஒப்பியாவைச் சபிப்பாள். அப்புறம் குழந்தை பிழைக்காது.

"நான் இல்லை என்று சொல்," என்றாள்.

கார்போவுக்குப் புரியவில்லை. "நீங்கள் இருக்கிறீர்களே."

"இருக்கிறேன். இல்லை என்று சொல்."

"உங்களுக்குப் பார்க்க மனம் இல்லை என்று சொல்லட்டுமா? அது உண்மை."

"அப்படிச் சொன்னால் அங்கேயே நின்று அழுவாள். தெரு கூடிவிடும். விருந்து கெட்டுப்போகும். உள்ளே யாரும் இல்லை என்று சொல், கார்போ. ஒரே ஒரு தடவை. எனக்காக."

கார்போ அவள் முகத்தைப் பார்த்தது. பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தது. கட்டிலில் சாய்ந்திருந்த தெய்வங்களையும் பார்த்தது. பிறகு மெல்ல வாசலுக்குப் போனது.

ஒப்பியா தோண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். தோண்டியின் வெளிப்புறம் வியர்த்திருந்தது; கிணற்றின் குளிர் அப்படியே இருந்தது.

"உள்ளே யாரும் இல்லை," என்றது கார்போ.

ஒப்பியா தோண்டியை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிறகு, "குழந்தை?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை."

அந்தக் கோடையில், அந்தத் தெருவில், ஒரு நாய் வாசலில் நின்று உள்ளே யாரும் இல்லை என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒப்பியா தோண்டியைப் படியில் மெதுவாக வைத்தாள். மேல்துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே தெருவில் இறங்கிப் போனாள்.

கார்போ உள்ளே வந்தது.

"போய்விட்டாளா?"

"போய்விட்டாள்."

"என்ன சொன்னாள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அழுதாள்."

அதைக் கேட்டபோது நுமீசியாவுக்கு உள்ளுக்குள் எங்கோ கொஞ்சம் இனிப்பாக இருந்தது. அழட்டும் என்று நினைத்தாள். ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவள் பின்னால் வாழ்நாள் முழுவதும் வெட்கப்பட்டாள், பொய்யைவிடவும் அதற்காகத்தான்.

கார்போ வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. எப்போதும் நிமிர்ந்திருக்கும் அதன் வால் கால்களுக்கு இடையில் போயிருந்தது. அதை அதுவே கவனிக்கவில்லை.

ஒப்பியா நேராக வடக்கு வாசலுக்குப் போனாள். நோயில் இறந்தவர்களைச் சுமந்து போகிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மேட்டுத் தெருவில் ஒரு தாயையும் குழந்தையையும் எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பும்போது மலையிலிருந்து வரும் உப்புச் சாலையில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் கம்பளி மூட்டைகள். முன்னால் ஔலஸ். வழியிலேயே நோயைப் பற்றிக் கேள்விப்பட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். முகமெல்லாம் புழுதி.

"ஒப்பியா அக்கா, எங்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?"

அவள் வாய் திறப்பதற்குள் அவள் முகத்திலேயே பாதியைப் படித்துவிட்டான்.

"பையன் ஆரம்பத்திலேயே போய்விட்டான் தம்பி. நுமீசியாவும் குழந்தையும்..."

"யார் பார்த்தது? நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

"போகவில்லை. கார்போ சொன்னான். உள்ளே யாரும் இல்லை என்று அவனே வாசலில் நின்று சொன்னான்."

"கார்போ சொன்னானா?"

"கார்போதான்."

அதற்குமேல் ஔலஸ் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வாசற்காவலன் வந்து, நோய்க்காலத்தில் வெளியிலிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் சொந்தபந்தம் இருந்தால்தான் போகலாம், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தான். ஔலஸ் தலையை ஆட்டினான். "எனக்கு உள்ளே யாரும் இல்லை," என்றான். எழுந்து, மாடுகளைத் திருப்பி, வந்த வழியே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். ஒப்பியா கூப்பிட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

நுமீசியா தெய்வங்களின் முன்னால் கடைசிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. திறந்தாள். மரத்தட்டியோடு நான்கு சுமைகாரர்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள், தலையில் துணி போட்டுக்கொண்டு. எல்லோருக்கும் முன்னால் ஒப்பியா.

நுமீசியாவின் கையில் தேன் ஒட்டிய கரண்டி இருந்தது. சுட்ட கறியின் மணம் தெருவுக்கு வந்தது. ஒப்பியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுமைகாரர்களில் மூத்தவன் படியில் படுத்திருந்த கார்போவைப் பார்த்தான்.

"நீதானே யாரும் இல்லை என்று சொன்னாய்?"

கார்போ தலையைத் தூக்கி நுமீசியாவைப் பார்த்தது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தது. நுமீசியாவின் வாய் திறந்தது. தெரு முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமாம்," என்றது கார்போ. "நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

அது அதன் இரண்டாவது பொய். முதல் பொய்யை நுமீசியா கேட்டுக்கொண்டதால் சொன்னது. இதை யாரும் கேட்காமலே சொன்னது. மூத்தவன் அதன் பக்கத்தில் காறித் துப்பினான். "நாயே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டால் இனி யாரைக் கேட்பது?" என்றான். கார்போ தலையைத் தரையோடு வைத்துக்கொண்டது. நுமீசியா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அப்போது ஒப்பியா சொன்னாள்: "நுமீசியா, ஔலஸ் வந்திருந்தார். வடக்கு வாசலில். நான் சொல்லிவிட்டேன். எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார்."

கரண்டி கீழே விழுந்தது. நுமீசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். காலில் செருப்பு இல்லை. குழந்தையை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவைச் சாத்தவில்லை. கார்போ அவளைத் தாண்டி முன்னால் பாய்ந்தது.

உப்புச் சாலை ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போகிறது. பிறகு ஒரு சிற்றாற்றைக் கடந்து மேடு ஏறுகிறது. அந்த ஆற்றங்கரையில்தான் கார்போ அவனைப் பிடித்தது. ஔலஸ் மாடுகளை நிறுத்தியிருந்தான். இறந்தவர்களுக்காகப் பாலைத் தரையில் ஊற்றி முடித்து, வெறும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா," என்றது கார்போ, மூச்சு வாங்க. "அவர்கள் இருக்கிறார்கள். அம்மாவும் குழந்தையும் உயிரோடு இருக்கிறார்கள்."

ஔலஸ் அதைப் பார்த்தான். அவன் கண்களில் கோபம்கூட இல்லை.

"ஒப்பியாவிடம் என்ன சொன்னாய்?"

"உள்ளே யாரும் இல்லை என்று."

"இப்போது?"

"இருக்கிறார்கள் என்று."

"இரண்டும் நீ சொன்னதுதான். நான் எதை எடுத்துக்கொள்ள?"

கார்போ வாயைத் திறந்தது. சத்தியம் செய்யலாம் என்று நினைத்தது. ஆனால் சத்தியமும் சொல்தான். இனி எது சொன்னாலும் அந்த வாயிலிருந்துதான் வர வேண்டும். வாயை மூடிக்கொண்டது. அவனுடைய சட்டையின் ஓரத்தைப் பல்லால் பிடித்து ஊர்ப் பக்கம் இழுத்தது.

"விடு," என்றான் ஔலஸ்.

அது விடவில்லை. அவன் மாடு ஓட்டும் தார்க்குச்சியால் அதன் முதுகில் ஒரு அடி போட்டான். அதுவரை அவன் அதை அடித்ததே இல்லை. கார்போவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, வார்த்தை வரவில்லை. துணியை இன்னும் இறுகப் பிடித்து இழுத்தது. சட்டை கிழிந்தது. கிழிந்த துணியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி வந்து வேறு இடத்தில் பிடித்தது. வயிறு தரையில் உரச, வால் ஒடுங்க, கண்ணை மட்டும் அவன் மேல் வைத்து இழுத்தது.

ஔலஸுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் வார்த்தையை விட்டுவிட்ட ஒரு உயிரோடு எப்படி வாதாடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அது இழுத்த பக்கம் சில அடிகள் நடந்தான். இன்னும் கொஞ்சம் நடந்தான். அப்போது சாலையில் தொலைவில் ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடி வந்தாள்.

நுமீசியா அவன் காலடியில் வந்து விழுந்தாள். அவன் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், தோளை, முகத்தை, முடியை.

"கார்போவை அடித்தீர்களா?" என்றாள் அவள், சட்டையையும் கையில் இருந்த தார்க்குச்சியையும் பார்த்து.

"பொய் சொன்னான்."

"அவனுடைய பொய் இல்லை. நான் சொல்லச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். அப்புறம் தெருவே கூடி நின்று அவனைக் கேட்டபோது என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். நான் பேசாமல் நின்றேன்."

சொல்லும்போது அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஔலஸ் கேட்டான்: "அப்படியென்றால் பையன்? அதுவும் பொய்தானே?"

நுமீசியா இல்லை என்று தலையை ஆட்டினாள். அது மட்டும் உண்மை.

ஔலஸ் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "நான் வந்து கதவைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்," என்றான். "நம் வீடு அங்கேதான் இருந்தது. வந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாய் சொன்னது என்று திரும்பிவிட்டேன்."

கார்போ தள்ளியே நின்றது. அவன் கையை நீட்டியபோது கிட்டே வந்தது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர்கள் வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நுமீசியா விட்டுவிட்டுப் போனபடியே கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

நடு அறை நிறைய ஆட்கள். சுமைகாரர்கள் மரத்தட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெருப் பெண்கள் இருந்தார்கள். ஆற்றுத் துறையில் படகு கட்டியிருந்த வெளிநாட்டான் ஒருவன் இருந்தான்; அவனை யாருக்கும் தெரியாது. தெரு வழியாகப் போனபோது குழந்தை அழும் சத்தம் கேட்டது, கதவு திறந்திருந்தது, வந்துவிட்டேன் என்று சைகையில் சொன்னான். மூலையில், பாயில், ஒப்பியா உட்கார்ந்திருந்தாள். தெர்த்தியாவின் தலை அவள் மடியில். படியில் வைத்துவிட்டுப் போன தோண்டி பக்கத்தில் இருந்தது. ஒரு துணியைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தாள். குழந்தை முகத்தைச் சுளிக்கவில்லை. நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தது.

நுமீசியாவைப் பார்த்ததும் ஒப்பியா எழுந்திருக்கப் பார்த்தாள். குழந்தையின் தலை மடியில் இருந்ததால் எழ முடியவில்லை.

"கிணற்றுக் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டேன்," என்றாள். "அதைச் சொல்லத்தான் காலையில் வந்தேன். அன்றைக்கே கட்டியிருக்க வேண்டும். வேறு ஒன்றும் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் போய்விடுகிறேன்."

மூத்த சுமைகாரன் குறுக்கே பேசினான்: "தெய்வங்களுக்கு வைத்ததை நாங்கள் யாரும் தொடவில்லை, அம்மா. அப்படியே இருக்கிறது."

நுமீசியா கட்டிலைப் பார்த்தாள். பச்சிலை முகங்கள் வாடத் தொடங்கியிருந்தன. களி ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது. காலையிலிருந்து இந்த விருந்துக்காகத்தான் அவள் இத்தனையும் செய்தாள். விருந்தன்று வாசலுக்கு வந்த முதல் ஆளை உள்ளே யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பினாள். இதைத் தெய்வங்கள் சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஒப்பியாவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பார்க்காமலே ஒரு தட்டை எடுத்தாள். கறியும் அடையும் வைத்தாள். ஒப்பியாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இருங்கள் அக்கா," என்றாள்.

பிறகு சுமைகாரர்களுக்கு வைத்தாள். பெண்களுக்கு வைத்தாள். பெயர் தெரியாத அந்த வெளிநாட்டானுக்கு வைத்தாள். மூத்தவனுக்குப் பரிமாறும்போது எல்லோர் காதிலும் விழும்படி, "கார்போ தானாகப் பொய் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்தேன்," என்றாள். அவன் தட்டைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அவன்தானே துப்பியவன். யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார்கள். தெரு முழுவதிலும் அவ்வளவு அமைதியான விருந்து நடந்ததில்லை.

சில நாள்களில் தெர்த்தியாவின் காய்ச்சல் இறங்கியது. தெய்வங்கள் இறக்கினார்களா, கிணற்றுத் தண்ணீர் இறக்கியதா என்று நுமீசியாவை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் நடந்தது ஊர் முழுக்கப் பரவியது. குருமார்கள் காதுக்கும் போனது. அடுத்த விருந்துக்கு முரசு அடிப்பவன் வந்தபோது கூடுதலாக ஒன்று சொன்னான்: விருந்து நடக்கும் நாள்களில் எந்த வீடும் கதவைச் சாத்தக்கூடாது, வருகிறவன் தெரிந்தவனா, தெரியாதவனா, பகையாளியா என்று கேட்கக்கூடாது, கைவிலங்கு பூட்டப்பட்ட கைதிகளுக்கும் அன்று விலங்கைக் கழற்றிவிட வேண்டும்.

கார்போ அதன்பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஔலஸ் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்துப் பார்த்தான். நுமீசியா, "நீ பேசினால் நான் நம்புவேன்," என்று கெஞ்சிப் பார்த்தாள். அது அவள் கையை நக்கியது, அவ்வளவுதான். ஊரில் மற்ற நாய்களிடமும் ஜனங்கள் முதல்முறையாக, "நீ சொல்வது நிஜம்தானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு கேள்வியை நாய்கள் அதுவரை காதால் கேட்டதில்லை. கேட்ட நாய் ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது.

அன்று தொடங்கித்தான் தெய்வ விருந்து நடக்கும் நாளில் ரோமாபுரியின் கதவுகள் எல்லாம் ஆள் பார்க்காமல் திறந்து கிடந்தன. அன்று தொடங்கித்தான் நாய் பேச்சைத் துறந்தது, உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இன்றும் நம் துணியைப் பல்லால் பிடித்து இழுக்கிறது, யாராவது குரலை உயர்த்தினால் தவறு தன்னுடையதாக இல்லாவிட்டாலும் வாலை ஒடுக்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.